வகுப்பறைக்கு ஏற்ற டேப்லெட் செயலிகள் – ஓர் அனுபவப் பாடம்

டேப்லெட் என்றதும் என் வயதுக்காரர்களுக்கு நினைவில் வருவது, காலையில் ஒன்று இரவில் ஒன்று என்று டாக்டர் எழுதித் தரும் மாத்திரைதான். நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. சிலேட்டுப் பலகை அளவில், விரலால் தொட்டு இயக்கும் கைக்கணினியைப் பற்றி. அதை வகுப்பறையில் எப்படிப் பயன்படுத்தலாம், எந்தச் செயலிகள் ஆசிரியருக்கும் மாணவருக்கும் உண்மையாகவே உதவுகின்றன என்பதை, நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் நான் பட்ட பாட்டிலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் படித்தது சிவில் டிப்ளமோ. 1983-இல் ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ. என்று அப்போது சொல்லப்பட்ட இருப்புப்பாதை மேற்பார்வையாளராகச் சேர்ந்து, நாக்பூர் கோட்டத்திலேயே முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 2020-இல் ஓய்வு பெற்றேன். ஆசிரியர் பயிற்சி ஏதும் எனக்குக் கிடையாது. 2022 முதல் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில், தமிழ் சொல்லித் தரும் ஓய்வு பெற்ற ஆசிரியை அம்மாவுக்குத் துணையாக, கணக்கும் விஞ்ஞானமும் சொல்லித் தருகிறேன். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் இந்தியும் மராத்தியும், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்பவர்கள். தமிழ் பேசுவார்கள், வாசிக்கச் சொன்னால் தயங்குவார்கள்.

முதல் நான்கு மாதத் தோல்வி

2023 ஜூலையில் உறுப்பினர்கள் சிலர் மனமுவந்து கொடுத்த நன்கொடையில் ஆறு டேப்லெட்டுகள் வாங்கினோம். எனக்கு ஏற்பட்ட உற்சாகத்துக்கு அளவில்லை. வாரம் முழுவதும் உட்கார்ந்து நல்ல நல்ல பாட வீடியோக்களாகத் தேடி அவற்றில் நிரப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் சத்தமே இல்லாமல் பார்த்தார்கள். அந்த அமைதியைப் பார்த்து, படிப்பு ஏறுகிறது என்று நான் நம்பிவிட்டேன்.

நவம்பரில் ஒருநாள் கரும்பலகையில் ஒரு பேட்டரியும் இரண்டு பல்பும் வரைந்து, "ஒரு பல்பைக் கழற்றினால் மற்றது எரியுமா, அணையுமா?" என்று கேட்டேன். அந்த வீடியோவை மூன்று முறை பார்த்த வகுப்பு அது. ஒருவருக்கும் விடை தெரியவில்லை. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "தாத்தா, வீடியோல அதுவா எரிஞ்சுது. ஏன்னு நான் பாக்கல" என்றாள். நான்கு மாதத்தில் வகுப்புக்கு வருபவர்கள் இருபத்தொன்றிலிருந்து பன்னிரண்டாகக் குறைந்திருந்தார்கள். வீடியோ பார்ப்பதென்றால் வீட்டிலேயே பார்க்கலாமே, இதற்கு ஏன் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து வர வேண்டும்?

அடுத்த செயற்குழுவில் பொருளாளர், "சார், தப்பாக நினைக்காதீர்கள். இதையெல்லாம் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கலாமே?" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஊரார் பணம். பதில் சொல்ல முடியாமல், ஆறு மாதம் அவகாசம் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எங்கே தவறு?

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ரயில் பாதையில் வளைவு எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அளக்க 'வெர்சைன்' என்றொரு முறை உண்டு. 20 மீட்டர் நீளக் கயிற்றை வளைந்த தண்டவாளத்தின் உட்பக்கத்தோடு இழுத்துப் பிடித்து, கயிற்றின் நடுப்புள்ளிக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். 50,000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வளைவின் ஆரம் மீட்டரில் கிடைக்கும். இடைவெளி 100 மில்லிமீட்டர் என்றால் ஆரம் 500 மீட்டர். பாலிடெக்னிக்கில் இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் அது புரிந்தது, பேதுல் பக்கத்து மலைப்பாதையில் ஒரு கேங்மேன் கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, "பிடியுங்கள் சாஹேப்" என்று சொன்ன அன்றுதான்.

பிள்ளைகளுக்கு நான் கயிற்றைக் கொடுக்கவில்லை. கயிறு பிடிப்பவரின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். தவறு டேப்லெட்டில் இல்லை, நான் அதைத் தொலைக்காட்சிப் பெட்டியாக்கியதில்தான் இருந்தது. அன்று முதல் ஒரு செயலியை எடுப்பதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: இதில் பிள்ளை எதையாவது தானே மாற்றி, தானே செய்து பார்க்கிறதா, அல்லது பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறதா?

இரண்டு: இணைய இணைப்பு இல்லாவிட்டாலும் வேலை செய்யுமா?

மூன்று: ஒரு டேப்லெட்டை மூன்று பேர் சேர்ந்து பயன்படுத்த முடியுமா?

நான்கு: விளம்பரமோ, பிள்ளையின் பெயர், வயது, புகைப்படம் கேட்பதோ இல்லாமல் இருக்கிறதா?

இந்தக் கேள்விகளில் தேறிய செயலிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ஜியோஜீப்ரா – வடிவ கணிதத்துக்கு

ஆஸ்திரியா நாட்டின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் 2001-இல் தம் பட்ட ஆய்வுக்காகத் தொடங்கியது இது. வகுப்பறைப் பயனுக்கு இலவசம். ஒருமுறை நிறுவிக்கொண்டால் இணையம் இன்றியும் இயங்கும்.

நான் நடத்தும் பாடம் இது. மூன்று புள்ளிகள் வைத்து ஒரு முக்கோணம் வரையச் சொல்வேன். பிறகு மூன்று பக்கங்களுக்கும் மையக்குத்துக்கோடு. மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்கும். அதுதான் சுற்றுவட்ட மையம். இதுவரை நோட்டுப் புத்தகத்திலும் செய்யலாம். வேறுபாடு இனித்தான் வருகிறது. முக்கோணத்தின் ஒரு முனையை விரலால் பிடித்து இழுக்கச் சொல்வேன். இழுக்க இழுக்க எல்லாக் கோடுகளும் கூடவே நகரும். குறுங்கோண முக்கோணமாக இருக்கும்வரை மையம் உள்ளே இருக்கும். செங்கோணமானதும் மையம் சரியாகக் கர்ணத்தின் நடுவில் போய் உட்காரும். விரிகோணமானால் முக்கோணத்தை விட்டே வெளியே போய்விடும். "போயிடுச்சு, வெளியே போயிடுச்சு!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். அந்த இடத்தில் நிறுத்தி, "ஏன் போயிற்று?" என்று கேட்க வேண்டும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்து, மூன்று புள்ளிகள் வழியே வட்டம் வரையும் கருவி இதில் உண்டு. நடுப்புள்ளியை மெல்ல நகர்த்தி மற்ற இரண்டுக்கும் நேர்கோட்டில் கொண்டுவந்தால் வட்டம் பெரிதாகிக்கொண்டே போய்க் கடைசியில் நேர்கோடாகிவிடும். நேரான ரயில் பாதைக்கு ஆரம் எல்லையற்றது என்று எங்கள் துறையில் சொல்வதன் பொருளைப் பத்தாம் வகுப்புப் பையன் தன் விரலாலேயே கண்டுகொண்டான். அன்று சங்கக் கட்டிடத்து வட்டமான வாசல் திண்டில் ஒரு மீட்டர் நூலைப் பிடித்து வெர்சைன் அளந்து, ஆரத்தைக் கண்டுபிடித்தோம். திரையில் தொடங்கியதைத் திண்டில் முடித்தால்தான் பாடம் நிலைக்கும்.

2. ஃபெட் – விஞ்ஞானச் சோதனைகளுக்கு

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், 2001-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய திட்டம் இது. மின்சுற்று, பின்னம், ஒளி, அடர்த்தி, அணு எனப் பல தலைப்புகளில் செய்து பார்க்கும் மாதிரிகள் உண்டு. பல மாதிரிகள் தமிழிலும் கிடைக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே பிரௌசரில் திறக்கலாம், அதற்குக் கட்டணமில்லை.

நான் தோற்றுப்போன பல்புப் பாடத்தை இதில்தான் மீண்டும் நடத்தினேன். முறை இதுதான்: முதலில் டேப்லெட்டை மூடி வைத்துவிட வேண்டும். இரண்டு பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்தால் வெளிச்சம் கூடுமா, குறையுமா, ஒன்றைக் கழற்றினால் என்ன ஆகும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் திரை. தாங்களே கம்பியை இழுத்து இணைப்பார்கள். தொடர் இணைப்பில் இரண்டும் மங்கலாக எரியும். ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணையும். பக்க இணைப்பில் இரண்டும் முழு வெளிச்சத்தோடு எரியும். ஒன்று போனாலும் மற்றது நிற்கும். வீட்டு வயரிங் ஏன் பக்க இணைப்பில் செய்யப்படுகிறது என்று கேட்டால், இப்போது பதில் வரும்.

பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். ஷார்ட் சர்க்யூட் என்றால் என்ன என்பதை ஆபத்தில்லாமல் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அதே சமயம், இதை நிஜத்தில் செய்யக் கூடாது என்று அழுத்திச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு குறிப்பு. திரையில் உள்ள பேட்டரி குறைபாடில்லாத பேட்டரி. கடையில் வாங்கும் 1.5 வோல்ட் செல்லோடு டார்ச் பல்புகளைப் பக்க இணைப்பில் எரித்தால் வெளிச்சம் சற்றுக் குறையும், ஏனெனில் செல்லுக்கு உள்ளேயும் மின்தடை உண்டு. ஆகவே மாதிரியைப் பார்த்த பிறகு நிஜச் செல்லையும் பல்பையும் கையில் கொடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக் கேட்பார்கள்.

3. ஃபைபாக்ஸ் – அளப்பதற்கு

டேப்லெட்டுக்குள் ஒலிவாங்கி, அசைவை உணரும் கருவி முதலியவை ஏற்கனவே இருக்கின்றன. அவற்றை அளவுக் கருவிகளாக்கித் தருவது ஃபைபாக்ஸ். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட இலவசச் செயலி.

இதில் 'ஒலியால் இயங்கும் நிறுத்துக்கடிகாரம்' என்று ஒன்று உண்டு. முதல் சத்தத்தில் ஓடத் தொடங்கி அடுத்த சத்தத்தில் நிற்கும். 80 சென்டிமீட்டர் உயர மேசையின் விளிம்பில் ஓர் அடிக்கோலை வெளியே நீட்டி வைத்து, அதன் முனையில் ஒரு கோலிக்குண்டை வைக்க வேண்டும். இன்னொரு கோலால் அடிக்கோலைப் பக்கவாட்டில் 'டக்' என்று தட்டினால் கோல் விலகும், குண்டு விழும். தட்டிய சத்தத்துக்கும் குண்டு தரையைத் தொட்ட சத்தத்துக்கும் இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ 0.40 விநாடி என்று வரும்.

இப்போது கணக்கு. உயரத்தை இரண்டால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் புவிஈர்ப்பு முடுக்கம் கிடைக்கும். 1.6-ஐ 0.16-ஆல் வகுத்தால் 10. புத்தகம் 9.8 என்கிறது. நேரம் 0.41 என்று வந்த குழுவுக்கு விடை 9.5 ஆகிறது. நூறில் ஒரு விநாடி மாறினாலே விடை இவ்வளவு மாறுகிறதே என்று அவர்கள் திகைத்தபோது, அளவு என்றாலே அதில் பிழையும் உண்டு, அது எவ்வளவு என்று தெரிந்து வைத்துக்கொள்பவனே பொறியாளன் என்று சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. பத்து முறை அளந்து சராசரி எடுத்தோம்.

இந்தச் சோதனைக்கு மின்விசிறியை நிறுத்த வேண்டும், வகுப்பு மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும். "சத்தம் போடாதே" என்று நான் சொல்லாமலே பதினேழு பிள்ளைகள் வாய்மூடி நின்ற காட்சியை வேறு எந்தப் பாடத்திலும் கண்டதில்லை.

4. ஒலிப்பதிவுச் செயலி – தமிழ் வாசிப்புக்கு

இதைத் தேடிப் போக வேண்டியதில்லை. பெரும்பாலான டேப்லெட்டுகளில் வாங்கும்போதே இருக்கும். எங்கள் வகுப்பில் அதிகப் பயன் தந்தது இதுதான் என்றால் நம்புவீர்களா?

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுவான். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பான், வாய் திறக்க மாட்டான். ஒருமுறை 'பழம்' என்பதை அவன் 'பயம்' என்று வாசிக்க, மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள்; அதிலிருந்துதான் இப்படி. ஆசிரியை அம்மாவும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். டிசம்பரில் ஒரு டேப்லெட்டை அவனிடம் கொடுத்து, "சாமான் அறையில் போய் உட்கார். ஐந்து வரி வாசித்துப் பதிவு செய். நீயே கேள். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடு. யாருக்கும் காட்ட வேண்டாம்" என்றேன்.

மூன்று வாரம் அவன் எதையும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. நான்காவது வாரம் வந்து, "தாத்தா, இதை மட்டும் கேளுங்க" என்று நீட்டினான். ழகரம் இன்னும் முழுதாக வரவில்லை. ஆனால், "இந்த இடத்துல தப்பா இருக்கு, எனக்கே தெரியுது" என்றான். தன் தவறைத் தன் காதால் கேட்டுவிட்டவனுக்குத் திருத்துவது எளிது. அதன்பின் நாக்கை எப்படி மடிக்க வேண்டும் என்று ஆசிரியை அம்மா சொல்லிக் கொடுத்தார். அந்த வேலையை எந்தச் செயலியும் செய்யாது.

இதே செயலியில் இலக்கணமும் நடத்தலாம். பதிவு செய்யும்போது திரையில் அலைபோல் ஒரு கோடு ஓடும். 'கல்' என்று ஒருமுறை, 'கால்' என்று ஒருமுறை சொல்லச் சொல்லி, இரண்டு அலைகளின் நீளத்தையும் ஒப்பிடச் சொன்னோம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமும் மாத்திரையின் அளவு என்று தொல்காப்பியம் வகுத்ததைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். அளவு சரியாக இரண்டு மடங்காக எல்லோருக்கும் வரவில்லை. ஆளுக்கு ஆள், வேகத்துக்கு ஏற்ப மாறியது. ஆனால் நெடில் நீள்கிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆக, மாத்திரையைப் பற்றி எழுதவில்லை என்று தொடக்கத்தில் சொன்ன சொல்லை மீறிவிட்டேன். பொறுத்தருள்க.

5. செல்லினம் – தமிழில் எழுத

மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ் விசைப்பலகை இது. இதில் தமிழ்99 என்னும் அமைப்பு உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு அது.

'அம்மா' என்பதை ஆங்கில எழுத்துகளில் அடித்துத் தமிழாக மாற்றுவதுதான் பலருக்குப் பழக்கம். பெரியவர்களுக்கு அது சரி. தமிழ் கற்கும் பிள்ளைக்கு வேண்டாம் என்பது என் அனுபவம். மனம் ஆங்கில எழுத்திலேயே நின்றுவிடுகிறது. தமிழ்99-இல் 'க' விசையையும் அடுத்து 'இ' விசையையும் தட்டினால் 'கி' வரும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, இவற்றோடு புள்ளிக்கு ஒரு விசை. இவ்வளவை வைத்துக்கொண்டு 247 எழுத்துகளையும் எழுதிவிடலாம். "247 எழுத்தா!" என்று மலைத்த பிள்ளைகள், "இவ்வளவுதானா?" என்றார்கள். உயிர்மெய் என்ற பெயரின் பொருளை அந்த விசைகள் சொல்லிக் கொடுத்துவிட்டன. கையெழுத்துப் பயிற்சிக்கு இது மாற்று ஆகாது. காகிதமும் பென்சிலும் வழக்கம்போல் தொடர வேண்டும்.

6. ஸ்க்ராட்ச் ஜூனியர் – சின்னப் பிள்ளைகளுக்கு

2014-இல் வெளிவந்த இந்த இலவசச் செயலி ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்காக உருவாக்கப்பட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் இதில் பங்கு கொண்டன. வண்ணக் கட்டைகளை வரிசையாகக் கோத்தால் படத்தில் உள்ள பூனையோ குருவியோ நடக்கும், குதிக்கும். ஒரு கதைக்கு நான்கு பக்கங்கள் வரை வைக்கலாம். பிள்ளை தானே படம் வரையலாம், தன் குரலைப் பதிவு செய்து பாத்திரத்தைப் பேச வைக்கலாம்.

நாங்கள் கொடுத்த வேலை: பாட்டியிடம் ஒரு கதை கேட்டு வந்து, நான்கு பக்கத்தில் செய்து காட்டு. ஊரில் உள்ள பாட்டிகளுக்கெல்லாம் தொலைபேசி அழைப்புகள் போயின. கணினி நிரல் எழுதுவதன் முதல் படியும் தமிழ்ப் பேச்சும் சேர்ந்தே நடந்தன.

7. ஆசிரியருக்கு மட்டும்

பிளிக்கர்ஸ்: ஆசிரியர் கையில் ஒரு கருவி இருந்தாலே போதும். மாணவருக்கு ஆளுக்கொரு அச்சிட்ட அட்டை. கேள்விக்கு நான்கு விடைகள். எந்த விடையோ அந்தப் பக்கம் மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிப்பார்கள். ஆசிரியர் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் கைதூக்கும் வழக்கம் இதில் இல்லை. அட்டையில் எண் மட்டும் இருந்தால் போதும், பெயர் தேவையில்லை. ஆனால் இதற்கு ஆசிரியர் பதிவு செய்துகொள்ள வேண்டும், இணைய இணைப்பும் வேண்டும்.

தீக்‌ஷா: மத்திய அரசு 2017-இல் தொடங்கியது. பாடநூலில் அச்சிட்டுள்ள கட்டம் போட்ட குறியீட்டைக் கேமராவால் காட்டினால் அந்தப் பாடத்துக்கான துணைப் பொருள்கள் கிடைக்கும். வீட்டில் இறக்கி வைத்துக்கொண்டு வகுப்பில் காட்டலாம். இது பெரும்பாலும் பார்க்கும் பொருள் என்பதால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள்.

கீவிக்ஸ்: விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி வைத்து இணையம் இன்றிப் படிக்க உதவுவது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவையும் இப்படி வைத்துக்கொள்ளலாம்.

வகுப்புக்கு முன் தயாரிப்பு

ரயில் பாதையில் வேலை செய்ய 'லைன் பிளாக்' என்று குறிப்பிட்ட நேரம் ஒதுக்குவார்கள். அந்த நேரத்தில் அந்தப் பாதையில் வண்டி ஓடாது. இரண்டு மணி நேரம் கிடைத்ததென்றால் அதற்குள் முடித்துப் பாதையைத் திருப்பித் தர வேண்டும். பிளாக் தொடங்கிய பிறகு ஸ்பேனர் எங்கே என்று தேடுபவன் வேலைக்கு ஆக மாட்டான். 40 நிமிட வகுப்பும் ஒரு லைன் பிளாக்தான். ஆகவே:

முந்தின இரவே எல்லா டேப்லெட்டுகளையும் முழுதாகச் சார்ஜ் செய்து வையுங்கள். செயலியைத் திறந்து, இணையத்தைத் துண்டித்து, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

மூவருக்கு ஒரு டேப்லெட். ஒருவர் தொடுவார், ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார், ஒருவர் நோட்டில் எழுதுவார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும்.

40 நிமிடத்தில் திரைக்கு 15 நிமிடம் போதும். மீதி நேரம் பேச்சு, எழுத்து, நிஜப் பொருள்.

மின்சாரம் போனாலும் கருவி பழுதானாலும் நடத்த, அதே பாடத்தைச் சாக்பீஸால் நடத்தும் திட்டம் ஒன்றை மனத்தில் வைத்திருங்கள்.

சில எச்சரிக்கைகள்

செயலிகள் நிலையானவை அல்ல. பல பள்ளிகள் பயன்படுத்திய கூகுள் ஜாம்போர்டு என்ற மின்பலகை 2024 டிசம்பர் 31-உடன் நிறுத்தப்பட்டது. எனவே பாடக் குறிப்புகளை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். பிள்ளைகளின் படம், குரல் ஆகியவற்றை எங்கும் அனுப்பாமல் கருவியிலேயே வைத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். 2023-இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கோருகிறது. யுனெஸ்கோவும் அதே 2023-இல் கல்வியில் தொழில்நுட்பம் பற்றி வெளியிட்ட அறிக்கையில், கருவி ஆசிரியருக்குத் துணையாக இருக்க வேண்டுமே தவிர அவர் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்று வலியுறுத்தியது.

ஆறு மாதத்துக்குப் பின்

2024 ஏப்ரலில் சித்திரைத் திருநாள் விழாவில் அந்த ஏழாம் வகுப்புப் பையன் மேடையேறி ஒரு பக்கம் வாசித்தான். பாதியில் ஓரிடத்தில் நின்றுவிட்டான். சபையே மௌனமாக இருந்தது. அவன் அந்தச் சொல்லை மெல்ல இரண்டாம் முறை சொல்லிப் பார்த்துவிட்டு, மேலே வாசித்து முடித்தான். அவன் தாயார் என்னிடம் ஒன்றும் பேசவில்லை, கும்பிட்டுவிட்டுப் போனார்.

மே மாதச் செயற்குழுவுக்கு முந்தின ஞாயிறு, பொருளாளர் தாமே வகுப்புக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எட்டாம் வகுப்புப் பெண், "மாமா, முதல்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க, அப்புறம்தான் தொடணும்" என்று அவரிடமே நோட்டை நீட்டினாள். பல்பு அணையும் என்று எழுத வேண்டிய இடத்தில் அவர் எரியும் என்று எழுதித் தோற்றார். செயற்குழுவில், "டேப்லெட்டும் இருக்கட்டும், புத்தகமும் வாங்குவோம்" என்றார். பதினைந்து ஜாமெட்ரி பெட்டிகளும் ஒரு அலமாரி நிறையத் தமிழ்ப் புத்தகங்களும் வாங்கினோம். வருகை பன்னிரண்டிலிருந்து பதினேழாயிற்று. பழைய இருபத்தொன்றை இன்னும் எட்டவில்லை. எட்டிவிட்டோம் என்று எழுத ஆசைதான்.

மற்ற ஊர்ச் சங்கங்களில் வகுப்பு நடத்தும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். எல்லாச் செயலிகளையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஒன்றை எடுத்து, ஒரு பாடத்தை, நான்கு வாரம் நடத்திப் பாருங்கள். வகுப்பு முடிந்ததும் "என்ன பார்த்தாய்?" என்று கேட்காமல், "நீ என்ன செய்தாய்?" என்று பிள்ளையைக் கேளுங்கள். பதில் வந்தால் அந்தச் செயலியை வைத்துக்கொள்ளலாம்.